மீல் மேக்கர், ஆளி விதை, எள்: தாவர ஈஸ்ட்ரோஜன் உணவுகளைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரியாணியில் கிடந்த மீல் மேக்கர் உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார் என் கொழுந்தனார். "என்ன, உப்பு தூக்கலா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணி. சோயா தின்றால் ஆண்களுக்கு மார்பு வளருமாம். ஜிம்மில் எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார்.

அதே வாரம் எதிர்வீட்டு அக்கா அரைக் கிலோ ஆளி விதைப் பொட்டலத்தோடு வந்து நின்றார். மாதவிடாய் நிற்கும் வயது அவருக்கு. நடுராத்திரியில் உடம்பு திடீரென்று சூடேறி, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. "இதில் பெண் ஹார்மோன் இருக்கிறதாம். தினம் எத்தனை கரண்டி சாப்பிட்டால் அடங்கும்?" என்று கேட்டார்.

ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்கு ஆசை. இருவர் காதிலும் விழுந்தது ஒரே செய்திதான். அளவு மட்டும் விழவில்லை. மனையியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் இந்தக் கேள்விகள் என் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களுக்குச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த இடத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன்: இது என்ன சரக்கு?

சில செடிகள் தங்கள் தேவைக்காகத் தயாரிக்கும் சில பொருள்களின் உருவம், தற்செயலாக நம் உடலில் சுரக்கும், 'பெண் ஹார்மோன்' என்று பலரும் சொல்லும் ஈஸ்ட்ரோஜனின் உருவத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. இவற்றைத்தான் தாவர ஈஸ்ட்ரோஜன் என்கிறார்கள். பெயர்தான் ஈஸ்ட்ரோஜனே தவிர, ஆள் வேறு.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் போட்ட நாற்காலியில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை என்றால், பந்தலுக்கு வந்தவர்கள் அவருக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை மரியாதையில் துளியாவது அவருக்குக் கிடைக்கும். மாப்பிள்ளை வந்துவிட்டாலோ, நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கும் இடைஞ்சல் அவர். தாவர ஈஸ்ட்ரோஜனின் வேலையும் ஏறக்குறைய இப்படித்தான். உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும்போது லேசாக அதன் சாயலைக் காட்டும். நிறைய இருக்கும்போது அதன் இடத்தைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும்.

நாற்காலியிலும் இரண்டு வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஆல்ஃபா என்றும் பீட்டா என்றும் இரண்டு. பீட்டா இருப்பதே 1996இல்தான் தெரியவந்தது. சோயாவில் உள்ள பொருள்கள் பெரும்பாலும் பீட்டாவைத்தான் நாடுகின்றன. நம் உடல் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டிலும் உட்காரும். வலுவிலும் இவை நம் ஹார்மோனைவிடப் பல நூறு மடங்கு குறைந்தவை. சில சோதனைகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆகவே "சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது" என்ற வாக்கியத்தை இன்றோடு மறந்துவிடுங்கள்.

அப்படியானால் இதெல்லாம் வெறும் பேச்சா? அதுவும் இல்லை. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகள் திடீரென்று சினை பிடிக்காமல் போயின. நோயும் இல்லை, தீவனப் பஞ்சமும் இல்லை. மேய்ச்சல் நிலம் முழுக்கக் குளோவர் என்ற பயறுக் குடும்பத்துப் பயிர் பச்சைப்பசேல் என்று விளைந்து கிடந்தது. 1946இல் வெளியான ஆய்வறிக்கை அந்தக் குளோவரைத்தான் குற்றவாளியாகக் காட்டியது. அதிலிருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற பொருளை ஆட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் ஈக்வால் என்ற இன்னும் வலுவான பொருளாக மாற்றிவிட்டன. அந்த ஆடுகள் காலை, மதியம், இரவு என்று மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றன. வாரத்தில் இரண்டு நாள் மீல் மேக்கர் குழம்பு வைக்கும் வீட்டுக்கும் அந்த மந்தைக்கும் நடுவே உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் மாத்திரை டப்பாவைத் திறங்கள்

யூடியூப் சமையல்காரர்கள் சொல்லாமல் விடும் படி இதுதான். நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கையோடு ஒரு டம்ளர் சோயா பால் குடிப்பது மாத்திரைக் காசை வீணாக்குவது. மாத்திரை விடியற்காலையில் என்றால் சோயா மதியமோ இரவோ இருக்கட்டும். புதிதாக தினசரி சோயா சாப்பிடத் தொடங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை அடுத்த முறை பார்த்து அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். தைராய்டு நலமாக இருந்து, சமையலில் அயோடின் உப்பும் இருந்தால், சோயா உணவால் தைராய்டு கெட்டுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

மார்பகப் புற்றுநோய் வந்து தேறியவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பல காலம் மருத்துவர்களே சோயாவைத் தொடாதீர்கள் என்று சொல்லியும் வந்தார்கள். ஷாங்காயில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 5,042 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடையே மரணமும், நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உணவாகச் சாப்பிட்டால் தீங்கு தெரியவில்லை என்பதே அர்த்தம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றே சொல்கிறது. ஆனால் இந்த அனுமதி டோஃபுவுக்கும் (சோயா பாலைத் திரித்துச் செய்யும் பனீர்) சோயா பாலுக்கும்தான். சோயாவின் தாவர ஈஸ்ட்ரோஜனை மட்டும் பிரித்து அடைத்த ஐசோஃபிளேவோன் கேப்ஸ்யூலுக்கு இல்லை. டாமாக்ஸிஃபென் போன்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரையில் இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கேப்ஸ்யூலையும் தொட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குச் சாதாரண உணவு அளவில் சிக்கல் இல்லை; மாத்திரையும் பொடியும் வேண்டாம். கைக்குழந்தைக்கு "ஆரோக்கியம்" என்ற பெயரில் சோயா பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால்தான். சோயா ஃபார்முலா என்பது குறிப்பிட்ட சில கோளாறுகளுக்காகக் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுப்பது.

சோயாவும் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியவை. முன்பு எப்போதாவது உதடு வீங்கியதோ, உடம்பில் தடித்ததோ உண்டென்றால் இத்தோடு நின்றுவிடுங்கள்.

இரண்டாம் படி: சோயா

இந்த வகை உணவுகளில் தலைமகன் சோயாதான். இதில் உள்ளவை ஐசோஃபிளேவோன்கள். ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் இரண்டும் முக்கியமானவை. காய்ந்த சோயா பீன்ஸ் 100 கிராமில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும். டோஃபுவில் அதே எடைக்கு 20 முதல் 30 மில்லிகிராம். ரகத்துக்கு ரகம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்கெட்டில் இந்த எண்ணை யாரும் அச்சிடுவதும் இல்லை. அதனால் ஒரு குறுக்கு வழி: பாக்கெட்டின் பின்னால் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். பாரம்பரிய முறையில் தயாரித்த சோயா உணவில் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 3 முதல் 3.5 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் வரும். ஒரு டம்ளர் சோயா பாலில் 6 கிராம் புரதம் என்றால் ஏறக்குறைய இருபது மில்லிகிராம். இந்தக் கணக்கைப் புரதப் பவுடருக்குப் போடாதீர்கள். சில பவுடர்களைத் தயாரிக்கும்போது ஆல்கஹாலால் கழுவுகிறார்கள், ஐசோஃபிளேவோன் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல்: பழைய முறையில் சாப்பிடும் ஜப்பானியர்களுக்குத் தினமும் உணவிலிருந்து 25 முதல் 50 மில்லிகிராம் போகிறது. ஒரு டம்ளர் சோயா பால், அல்லது நூறு கிராம் டோஃபு, அல்லது ஒரு கைப்பிடி மீல் மேக்கர். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மூன்றில் ஒன்றை வாரத்தில் மூன்று நான்கு நாள் சேர்த்தால் போதும்.

மீல் மேக்கர்தான் நம் ஊரில் எளிதில் கிடைப்பது. இலங்கைத் தமிழர்களுக்கு அது சோயா மீட். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சோயா மாவை அழுத்தி உப்ப வைத்தது. பாதிக்கு மேல் புரதம். பலரும் இதை வெறுப்பதற்குக் காரணம் அந்த அட்டை வாடை. அதைப் போக்குவது எளிது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கொஞ்சம் உப்புப் போட்டு, உருண்டைகளைக் கொட்டி, அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். வெளியே எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, துணி பிழிவதுபோல் இரண்டு கையாலும் பிழியுங்கள். மஞ்சள் கலந்த நுரைத் தண்ணீர் வரும். மறுபடி அலசிப் பிழியுங்கள். தண்ணீர் தெளிவாக வந்தால் வாடை போய்விட்டது. இப்படிப் பிழியும்போது ஐசோஃபிளேவோனிலும் ஒரு பங்கு தண்ணீரோடு போகும், போகட்டும். வாயில் வைக்க முடியாத சத்து யாருக்கு வேண்டும்? பிழிந்த உருண்டையை இரண்டாகக் கிள்ளி, மிளகாய்த்தூள், இஞ்சிப் பூண்டு விழுது, கொஞ்சம் தயிரில் அரைமணி நேரம் ஊற வைத்துவிட்டு வதக்குங்கள். முழு உருண்டைக்குள் மசாலா ஏறவே ஏறாது.

காய்ந்த சோயா பீன்ஸை வாங்கினால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும். கொண்டைக்கடலையைவிட அதிக நேரம் எடுக்கும். விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல் மசிய வேண்டும். பச்சை சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றால் வயிறு இரண்டு நாளைக்குப் பாடு படுத்தும். முளைகட்டினாலும் வேகவைத்தே சாப்பிடுங்கள். சோயாவைப் பச்சையாக அரைத்து ஸ்மூத்தி போடச் சொல்கிறவர்கள் அதைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் சோயா பால் காய்ச்சுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊறிய பீன்ஸை அரைத்து வடிகட்டி அடுப்பில் வைத்தால், கொதிநிலை வருவதற்கு வெகு முன்பே நுரை பொங்கி விளிம்புக்கு வந்துவிடும். பசும்பால் பழக்கத்தில் "பொங்கிவிட்டது" என்று அணைத்துவிடுவோம். அது பொய்க் கொதி. தீயைக் குறைத்து, நுரையைக் கரண்டியால் அமுக்கி, அதன்பிறகு நிஜமாகக் கொதிக்கவிட்டு இன்னும் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மொச்சை வாடை போய், லேசான பாதாம் வாசனை வரும்போது இறக்கலாம்.

வெப்பத்தில் சத்து அழிந்துவிடுமே என்று கேட்பார்கள். ஐசோஃபிளேவோன் சமையல் சூட்டுக்கு அவ்வளவாக மசிவதில்லை. அது காணாமல் போவது கீழே கொட்டும் தண்ணீரில்தான். சோயா எண்ணெயிலோ அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சோயா எண்ணெயில் பொரித்த வடையைத் தின்று ஹார்மோன் ஏறிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம், வடையின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

மூன்றாம் படி: ஆளி விதை

இங்கே என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளி விதை புதிதாகக் கடைகளுக்கு வந்த காலத்தில், மூன்று மாதம் அதை முழுசாகத் தயிரில் தூவிச் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அந்த வழுவழுப்பான கெட்டித் தோலை நம் பல்லும் வயிறும் உடைப்பதில்லை. வந்த விதை வந்தபடியே போய்விடும். மூன்று மாதம் நான் செய்தது விதை இடமாற்றம். மனையியல் வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்தான்.

ஆளியில் இருப்பவை லிக்னான்கள். ஐசோஃபிளேவோனுக்கு இவை பங்காளிகள். நூறு கிராம் ஆளி விதையில் முந்நூறு மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நமக்குக் கிடைக்கும் உணவுகளில் இந்த வகையில் இதுவே மிகச் செழிப்பானது. அதில் பெரும்பகுதி தோல் பக்கம்தான். ஆகவே பொடிக்க வேண்டும். எண்ணெயாக வாங்கிக் குடித்தால் லிக்னான் கிடைக்காது. ஆளி எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அது தனிக் கதை. கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் எண்ணெயும் இதே விதையிலிருந்து வருவதுதான். அந்தப் புட்டியைச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், அது உண்பதற்கானது அல்ல.

வெறும் வாணலியில் குறைந்த தீயில், விதைகள் படபடவென்று துள்ளத் தொடங்கும்வரை வறுங்கள். ஆறவிட்டு, மிக்சியின் சின்ன ஜாரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் சூடாகி எண்ணெய் கக்கிப் பிளேடுக்கு அடியில் அப்பிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெயிண்ட் வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று பொருள்.

முதல் வாரம் தினம் ஒரு டீஸ்பூன். வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு மேசைக்கரண்டி. அதற்கு மேல் போனால் இரண்டு, அதோடு நிறுத்துங்கள். கூடவே தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இதன் நார் வயிற்றுக்குள் பசையாகி மலத்தைக் கட்டிவிடும். தோசை மாவில் கலக்கலாம், இட்லிப் பொடியில் கால் பங்கு சேர்க்கலாம், மோரில் கரைக்கலாம். மோரில் கரைத்தால் உடனே குடித்துவிடுங்கள். பத்து நிமிடம் விட்டால் வெண்டைக்காய்ச் சாறுபோல் கொழகொழவென்றாகிவிடும். எந்த மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

எதிர்வீட்டு அக்காவின் அரைக் கிலோ பொட்டலத்துக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பாதியை எனக்குக் கொடுத்துவிடுங்கள், இரண்டு பேரும் பொடித்துக்கொள்வோம்.

நான்காம் படி: எள்

ஆளிக்கு அடுத்த இடம் எள்ளுக்கு. அதற்குத் தனியாகக் கடை தேட வேண்டியதில்லை. எள்ளின் லிக்னான்களுக்குச் செசமின், செசமோலின் என்று எள்ளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இவை கொழுப்பில் கரைபவை. அதனால் செக்கில் ஆட்டினாலும் நல்லெண்ணெயில் ஓரளவு தங்கும். சோயா எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

எள்ளுப் பொடி, எள் சாதம், எள்ளுருண்டை எதுவானாலும் நன்றாகப் பொடித்தோ இடித்தோ இருக்க வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு. எள்ளுருண்டையில் வெல்லம் எவ்வளவு என்பதையும் சர்க்கரை நோயாளிகள் கணக்கில் வைக்க வேண்டும்.

"எள் சூடு, தின்றால் தீட்டு வந்துவிடும்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு எள்ளுருண்டை கொடுக்கும் வழக்கத்துக்கு வயது அதிகம். லிக்னானின் வலுவைப் பார்த்தால், இரண்டு உருண்டையில் மாதவிடாயை இழுத்து வருவது அதன் சக்திக்கு மீறிய வேலை. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால் எள்ளை நம்பிக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பூப்பெய்திய பெண்ணுக்குக் கிளறும் உளுந்தங்களியும் இப்படித்தான். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் வளரும் உடம்புக்கு நல்ல உணவு. அந்தப் பெருமையே அதற்குப் போதும். "ஹார்மோன் களி" என்று புதுப் பட்டம் சூட்டத் தேவையில்லை.

வேறு எதில் எல்லாம் இருக்கிறது?

கொண்டைக்கடலை, பாசிப்பயறு முளை, பூண்டு, பேரீச்சம்பழம், முழுக் கம்பு, முழுக் கோதுமை என்று பட்டியல் நீளும். இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் கொண்டைக்கடலையில் உள்ளது சோயாவில் நூறில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் கீழே. இவற்றை வேறு நூறு நல்ல காரணங்களுக்காகச் சாப்பிடுங்கள்.

வெந்தயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் டயோஸ்ஜெனின் இருக்கிறது, அது ஹார்மோனாக மாறும் என்பார்கள். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனினை எடுத்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் செய்தது உண்மை. அதைச் செய்தது ஆய்வுக்கூடத்தில், அடுக்கடுக்கான வேதிவினைகளின் வழியாக. நம் வயிற்றில் அந்த ஆய்வுக்கூடம் இல்லை. வெந்தயத்தையோ கிழங்கையோ தின்றால் டயோஸ்ஜெனின் டயோஸ்ஜெனினாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் வயிற்றைத் தயார் செய்யுங்கள்

ஒரே சோயா பாலை இரண்டு பேர் குடித்தாலும் ஒரே பலன் கிடைக்காது. டெய்ட்சீனை ஈக்வாலாக மாற்றும் பாக்டீரியா எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. ஈக்வால், ஆட்டுக் கதையில் வந்த அதே ஆள்தான். 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் குதிரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. ஜப்பான், கொரியா, சீனாவில் ஏறக்குறைய பாதிப் பேர் அல்லது அதற்குச் சற்று மேல் ஈக்வால் தயாரிக்கிறார்கள். மேற்கு நாடுகளில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் பேர்தான். ஆளியின் லிக்னானும் இப்படித்தான்; குடல் பாக்டீரியா அதை என்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றினால்தான் அது வேலைக்கு ஆகும்.

எனவே ஆன்டிபயாடிக் சாப்பிடும் வாரத்தில் ஆளிப் பொடியிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். காய், கீரை, பயறு, மோர் என்று குடலுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பிறகு தொடருங்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்கவில்லை என்றால் குறை உங்கள் பக்குவத்தில் இல்லாமல் இருக்கலாம்.

கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியவை

ஐசோஃபிளேவோன் மாத்திரைகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பரிசீலித்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் தினம் 35 முதல் 150 மில்லிகிராம் எடுத்தபோது மார்பகத்திலோ கருப்பையிலோ தைராய்டிலோ தீய விளைவு தெரியவில்லை என்றது. சரி, அப்படியே வாங்கிவிடலாமா? இத்தாலியில் 150 மில்லிகிராமை ஐந்து வருடம் தொடர்ந்து எடுத்த பெண்களில் சிலருக்குக் கருப்பையின் உள்சவ்வு தடித்ததையும் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை வேண்டும் என்று தோன்றினால் மருத்துவரிடம் பேசி, கால அளவு வைத்து எடுங்கள். மாதவிடாய் முழுவதும் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், எதைச் சாப்பிட்டிருந்தாலும், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

"மார்பு வளர்ச்சி" என்று விற்கும் கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் தாய்லாந்தின் குவாவ் க்ருவா கிழங்கு இருக்கும். அதிலுள்ள மிரோஎஸ்ட்ரால் சோயாவைவிட வெகு வலுவானது. எவ்வளவு இருக்கிறது என்பது கேப்ஸ்யூலுக்குக் கேப்ஸ்யூல் மாறும். உணவைப் பற்றி நான் இதுவரை சொன்ன ஆறுதல் எதுவும் இதற்குப் பொருந்தாது. திருநங்கையர் சிலரும் ஹார்மோன் சிகிச்சைக்குப் பதிலாக இவற்றையும் சோயாவையும் நம்பிப் பணம் செலவழிப்பதைப் பார்க்கிறேன். சோயாவால் அந்த மாற்றங்கள் வராது. கேப்ஸ்யூலில் என்ன வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரத்தப் பரிசோதனையோடு கவனிக்கும் மருத்துவரே அதற்கு வழி.

மாதத்தின் முதல் பாதி ஆளியும் பூசணி விதையும், பின் பாதி எள்ளும் சூரியகாந்தி விதையும் என்று அட்டவணை போட்டு விற்கும் விதைச் சுழற்சிக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. விதைகள் நல்லவை. நாலு டப்பா சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் என்பதுதான் பிரச்சினை.

கொழுந்தனாருக்கு

சோயா சாப்பிட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை, அதாவது ஆண் ஹார்மோனை, அளந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் ஒரு முறையும் 2021இல் இன்னொரு முறையும் அலசினார்கள். இரண்டு முறையும் மாற்றம் ஒன்றும் காணவில்லை. மார்பு வளர்ந்த கதைக்கும் ஒரு வேர் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு அப்படி ஆனது மருத்துவ இதழில் பதிவானது. அவர் தினமும் குடித்த சோயா பால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இதைச் சொன்னபோது கொழுந்தனார் கொஞ்ச நேரம் யோசித்தார். "மூன்று லிட்டரா? எனக்கு அரை டம்ளரே இறங்காதே அண்ணி" என்று ஒதுக்கி வைத்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கடைசிப் படி: காலண்டரில் கோடு போடுங்கள்

மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூட்டுக்காகத் தொடங்குகிறவர்களுக்கு இது. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஐசோஃபிளேவோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இந்தச் சூட்டலைகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஒரு நாளைக்குப் பத்து வந்த இடத்தில் எட்டு. சிலருக்கு அந்த இரண்டே பெரிய விடுதலை, சிலருக்குப் போதாது. போதாதவர்களுக்கு மருத்துவரிடம் வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு விதை தின்ன வேண்டியதில்லை.

சோயாவையும் ஆளியையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். சாப்பிடத் தொடங்கும் முன்பே இரண்டு வாரம், ஒவ்வொரு முறை சூடேறும்போதும் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு ஒன்றை மட்டும் தொடங்கி, பன்னிரண்டு வாரம் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். எதிர்வீட்டு அக்கா பால்கணக்குக் காலண்டரிலேயே போட்டார். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஏழு, எட்டு என்று இருந்தது. மூன்றாம் மாதம் ஐந்து, ஆறு. நடுவில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த பத்து நாளில் பதினொன்று. "அந்தப் பத்து நாளையும் கணக்கில் சேர்க்கணுமா?" என்று கேட்டார். சேர்க்கத்தான் வேண்டும் என்றேன். தூக்கம் கெட்டதும் அதில் இருக்கிறதே.

கிழித்த தாள்களை எறிந்துவிடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அதையும், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை கரண்டி என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.